“எனக்கு ஸ்பான்சரா இருக்க முடியுமா?” என்று வாய்விட்டுக் கேட்பது எப்படி

கட்டிங் போட ஆள் தேடி நின்றவர்களுக்கு இது தெரியும். குவார்ட்டருக்கு முழுக் காசு கையில் இல்லாத சாயங்காலத்தில், டாஸ்மாக் வாசலில் நின்றுகொண்டு, முன்பின் பார்த்திராத ஒருவரிடம் போய் “அண்ணே, கட்டிங் போடலாமா?” என்று கேட்போம். அவரும் மறுபேச்சு பேசாமல் பாதிக் காசை எடுத்து நீட்டுவார். 180 மில்லி, ஆளுக்கு 90. குடித்து முடித்ததும் பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாமல் அவர் ஒரு பக்கம், நாம் ஒரு பக்கம். எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேனோ, ஒரு தடவைகூட எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதில்லை.

அதே நான், குடியை நிறுத்தி ஏஏ மீட்டிங்குக்கு, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று குடிநோயாளிகளே கூடி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் கூட்டத்துக்கு, போக ஆரம்பித்து நான்கு மாதம் ஆன பிறகும், மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு மனிதரிடம் எனக்கு ஸ்பான்சராக இருங்கள் என்று கேட்க முடியாமல், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கேட்டே தீருவது என்று முடிவு செய்துகொண்டு போய், கேட்காமலேயே பெரம்பூர் பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறேன். இப்போது குடிக்காமல் ஏழு வருடம் ஆகிறது. இடையில் என்னிடம் வந்து கேட்டவர்களும் உண்டு, கேட்க வந்து கேட்காமலே போனவர்களும் உண்டு. போனவர்களில் சிலரை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கேட்க நினைத்துத் தொண்டையில் நிற்கிறதா, அப்படியானால் இது உங்களுக்கு.

முதலில் அந்த வார்த்தையைச் சரி செய்துகொள்வோம். நம்ம ஊரில் ஸ்பான்சர் என்றால் காசு போடுகிறவர். ஏரியா கிரிக்கெட் மேட்சுக்குக் கோப்பை வாங்கித் தருகிறவர், ஆடி மாசம் கூழ் ஊற்றுவதற்கு அரிசி மூட்டை இறக்குகிறவர், பேனரில் போட்டோ வருகிறவர். எனக்கு ஒரு ஸ்பான்சர் கிடைத்திருக்கிறார் என்று நான் வீட்டில் சொன்னபோது என் அம்மா கேட்ட முதல் கேள்வி, “மாசம் எவ்வளவு குடுப்பாரு?” அம்மா கேட்டதில் தப்பே இல்லை. இங்கே அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம்.

மீட்டிங்கில் ஸ்பான்சர் என்றால் வேறு. குடித்து அழிந்து, நிறுத்தி, குடியிலிருந்து மீள ஏஏ சொல்லித் தருகிற பன்னிரண்டு படிகளையும் இன்னொருவர் துணையோடு செய்து, இன்றைக்கும் மீட்டிங்குக்கு வந்துகொண்டிருக்கிற ஒரு குடிநோயாளி, புதிதாக வந்த இன்னொரு குடிநோயாளியைத் தனியாகக் கூடவே அழைத்துப் போவது, அவ்வளவுதான். அவர் பணம் தர மாட்டார், நீங்களும் அவருக்குப் பணம் தரக்கூடாது. வேலை வாங்கித் தருவதோ, வீட்டுக்காரம்மாவிடம் சமாதானம் பேசுவதோ, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்வதோ அவர் வேலை இல்லை. தான் எப்படி நிறுத்தினார், எப்படி நிறுத்தியபடியே இருக்கிறார் என்பதைச் சொல்வார், நீங்கள் உங்களுக்கே சொல்லிக்கொள்கிற பொய்யை முகத்துக்கு நேராகச் சொல்வார், போன் செய்தால் எடுப்பார். கஞ்சா, மாத்திரை, ஊசி என்று வேறு பழக்கம் உள்ளவர்களுக்கு என்ஏ (நார்கோடிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் இருக்கின்றன, அங்கேயும் ஸ்பான்சர் முறை இதேதான்.

இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். தினமும் காலையிலிருந்தே குடிக்கிறவர் நீங்கள் என்றால், யாரிடமும் கேட்காமல் வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரேயடியாக நிறுத்துவது ஆபத்து. முதல் ஒன்றிரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, உடம்பு தூக்கிப் போட்டு, உயிருக்கே வினையாகலாம். கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால் முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் ஸ்பான்சர். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை ஊரில் கேலியாகச் சொல்லியே பழக்கிவிட்டார்கள், அந்தக் கேலிக்குப் பயந்து போகாமல் இருக்காதீர்கள், அது அரசு மருத்துவமனை. இந்திரா நகரில் டிடிகே ஆஸ்பத்திரி 1980-இலிருந்து குடியை நிறுத்த வைத்தியம் பார்ப்பதே வேலையாக இருக்கிறது. யாரிடம் பேசுவது என்றே தெரியாவிட்டால் 14416-க்குப் போன் போடுங்கள், டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், அரசு நடத்துவது, காசு கிடையாது. எந்த ஸ்பான்சரும் வலிப்பை நிறுத்த முடியாது.

சரி, மீட்டிங்குக்குத்தான் போகிறோமே, பேசுகிறோமே, தனியாக ஒரு ஆள் எதற்கு? நானும் அப்படித்தான் நினைத்தேன். மீட்டிங்கில் இருபது பேர் முன்னால் எழுந்து என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி என்று சொல்லி, இருபது பேர் முன்னால் சொல்லக்கூடியதைத்தான் சொல்வோம். பாரில் விழுந்து கிடந்ததைச் சொல்லலாம், வேலை போனதைச் சொல்லலாம். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் பணத்தை என்ன செய்தேன் என்பதை நான் அங்கே சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்த அதுதான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிக் கடைப் பக்கம் இழுத்தது. நான்காவது படியில் நம் கணக்கையெல்லாம் எழுதி, ஐந்தாவது படியில் அதைக் கடவுளிடமும் நம்மிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறார்கள். அந்த இன்னொரு மனிதர் ஒருவர் வேண்டும். சுவரைப் பார்த்துச் சொன்னால் ஆகாது.

ஏன் வாய் வரவில்லை

இதில்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன், ஏனென்றால் எப்படிக் கேட்பது என்பது இரண்டு வரி, ஏன் கேட்க முடியவில்லை என்பதுதான் பெரிது.

என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் முதலில் சொல்வது, அவருக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாமே என்று இருந்துவிட்டேன் என்பதுதான். நல்ல குணம் மாதிரித் தெரியும். ஆனால் ஏஏ எப்படி ஆரம்பித்தது என்று பாருங்கள். 1935 மே மாதம், பில் என்கிற நியூயார்க் பங்குத் தரகர், குடியை நிறுத்தி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது, வியாபார விஷயமாக அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆக்ரான் என்கிற ஊருக்குப் போகிறார். காரியம் தோற்றுப் போகிறது. தெரியாத ஊர், கையில் காசு குறைவு, ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறார், பக்கத்திலேயே பார், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். அந்த நேரத்தில் அவர், யாராவது வந்து என்னைக் காப்பாற்றுங்கள் என்று கேட்கவில்லை. பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று அங்கே இருந்த போனில் சர்ச்சுகளுக்கு ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தார். அப்படிப் போட்டுப் போட்டுத்தான் டாக்டர் பாப் என்கிற சர்ஜனைப் பார்த்தார். கால் மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டு வந்த அந்த டாக்டர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். அவர் கடைசியாகக் குடித்த நாள் என்று 1935 ஜூன் 10-ஐச் சொல்வார்கள், அதைத்தான் ஏஏ பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள்.

அதாவது, அன்றைக்கு ஆள் தேவைப்பட்டது புதியவருக்கு இல்லை, பழையவருக்கு. நீங்கள் போய்க் கேட்கிறபோது அவரிடமிருந்து எதையோ பிடுங்குகிற மாதிரி உங்களுக்கு இருக்கும். என் பக்கத்திலிருந்து சொல்கிறேன், யாராவது என்னிடம் வந்து கேட்டால் அன்றைக்கு ராத்திரி எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வரும். நான் இன்னும் உபயோகமாக இருக்கிறேன் என்று தெரிகிறது, நான் எங்கிருந்து வந்தேன் என்பது ஞாபகத்துக்கு வருகிறது, அந்த வாரம் எனக்குக் குடிக்கிற யோசனையே எழுவதில்லை. பன்னிரண்டாவது படியே இதுதான், இன்னொரு குடிநோயாளிக்குக் கைகொடுப்பது.

இரண்டாவது, கூச்சம். என்னைப் பற்றி என்ன நினைப்பார், வெளியே சொல்லிவிட்டால், நம்ம ஏரியா ஆளாச்சே, நாளைக்கு மாமனார் வீடு வரைக்கும் போய்விட்டால்? இது பொய்ப் பயம் இல்லை. சென்னை பெரிய ஊர் மாதிரி இருந்தாலும் தெரு சின்னதுதான். இதற்கு வழி எளிது, உங்கள் ஏரியாவிலேயே தேடாதீர்கள். அயனாவரத்தில் வீடு என்றால் வாரம் ஒரு நாள் அடையாறு பக்கமோ தாம்பரம் பக்கமோ நடக்கிற மீட்டிங்குக்குப் போய்ப் பாருங்கள், பஸ்ஸிலோ மின்சார ரயிலிலோ ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும். குடிக்கிற நாட்களில் டிரை டே அன்றைக்கு எவ்வளவு தூரம் அலைந்தோம் என்று எல்லாருக்கும் தெரியும். இன்னொன்று, அவர் அதிர்ச்சியாவார் என்று நினைத்து எதை மறைக்கிறீர்களோ, அது பெரும்பாலும் அவரும் செய்ததாகத்தான் இருக்கும். நான் ஃபீஸ் பணத்தைச் சொன்னபோது அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. “நான் பொண்டாட்டி கொலுசு” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது, முடியாது என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பின்னால் வருகிறேன்.

நான்காவது ஒன்று இருக்கிறது, இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நானும் சொன்னதில்லை, எனக்கே அது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. ஸ்பான்சர் என்று ஒருவர் இல்லாதவரைக்கும், நாளைக்கு நான் குடித்துவிட்டால் அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. இரண்டு வாரம் மீட்டிங்குக்குப் போகாமல் இருந்துவிட்டு, உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு மறுபடி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடலாம். ஒரு ஆளைக் கேட்டுவிட்டால் அந்தப் பின் கதவு மூடிவிடும். கூச்சம், தொந்தரவு, மரியாதை என்று நான் பெயர் வைத்ததெல்லாம் பாதிக்குப் பாதி இதுதான், கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தேன். உங்களுக்கும் அப்படி இருந்தால் வெட்கப்பட வேண்டாம், நோயே அப்படித்தான். ஆனால் அதற்கு அதன் சரியான பெயரை வையுங்கள். இன்றைக்கு நான் கேட்காததற்குக் காரணம் கூச்சம் இல்லை, எனக்கு இன்னும் குடிக்க வழி வேண்டும், என்று ஒரு தடவை வாய்விட்டுத் தனியாகச் சொல்லிப் பாருங்கள். சொன்ன பிறகு சும்மா இருப்பது கஷ்டம்.

யாரிடம் கேட்பது

அவசரப்பட்டு முதல் நாளே பிடிக்க வேண்டியதில்லை, ஆனால் மூன்று மாதம் ஆராய்ச்சியும் செய்ய வேண்டாம். ஐந்தாறு மீட்டிங் உட்கார்ந்து கேளுங்கள், போதும். நன்றாகப் பேசுகிறவர் வேறு, நன்றாக வாழ்கிறவர் வேறு. மைக் இல்லாமலே மேடைப் பேச்சு மாதிரி முழங்குகிற ஒருவரைத்தான் நான் முதலில் குறி வைத்திருந்தேன். பிறகு கவனித்தேன், அவர் பேச்சு முழுக்கக் குடித்த காலத்துக் கதைதான், நிறுத்திய பிறகு என்ன செய்தார் என்பது வரவே இல்லை.

எனக்கு ஸ்பான்சராக வந்த அண்ணனை நான் கண்டுபிடித்தது குழாயடியில். நாங்கள் கூடுவது ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் ஹாலில், குழு வாடகை கொடுத்து எடுத்த இடம், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மீட்டிங் முடிந்ததும் எல்லாரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் டீ டம்ளர்களை ஒரு பிளாஸ்டிக் வாளியில் அள்ளிக்கொண்டு போய்ப் பின்பக்கக் குழாயில் ஒவ்வொன்றாக அலசுவார், கட்டை விரலை உள்ளே விட்டு அடியைச் சுற்றித் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கவிழ்த்து வைப்பார். டெய்லர், கையில் எப்போதும் சாக்பீஸ் தூசி இருக்கும். மீட்டிங்கில் அவர் பேசியது மொத்தமே நாலு நிமிடம் இருக்கும். ஆனால் புதிதாக நடுங்கிக்கொண்டு ஒரு பையன் வந்தால், இவர்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் தன் டீயை அவன் பக்கம் நகர்த்துவார். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, அந்த அமைதி.

பொதுவாக அவர் குடிக்காமல் ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும், படிகளைச் செய்திருக்க வேண்டும், அவருக்கும் ஒரு ஸ்பான்சர் இருக்க வேண்டும், இதைக் கேட்பதில் தப்பே இல்லை. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம், காரணம் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். உங்கள் மீட்டிங்கில் பெண்கள் குறைவு என்றால் பெண்களுக்கான ஆன்லைன் கூட்டம் எது என்று குழுவில் கேளுங்கள், வேறு ஊரில் இருக்கும் அக்கா ஒருவர் போனிலேயே ஸ்பான்சராக இருக்கலாம். சொந்தக்காரர், முதலாளி, உங்களுக்குக் கடன் கொடுத்தவர், இவர்கள் யாரும் வேண்டாம். படித்தவரா, இங்கிலீஷ் பேசுவாரா, கார் வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் பார்க்காதீர்கள், நான் பார்த்து ஒரு மாதம் வீணாக்கினேன். கணக்குப்பிள்ளைக்கு ஆட்டோ ஓட்டுகிறவர் ஸ்பான்சராக இருப்பதை என் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்கிற அன்றைக்கு

நேராகப் போய்க் கேட்க முடிகிறவர்கள் கேட்டுவிடுங்கள். முடியாதவர்கள் முதலில் நம்பரைக் கேளுங்கள். நம்பர் கேட்பது யாருக்கும் கஷ்டமில்லை, மீட்டிங்கில் அது சாதாரணம். மறுநாள் ஒரு தடவை கூப்பிட்டு, “அண்ணே, நேத்து நம்பர் வாங்கினேனே, சும்மாதான் கூப்பிட்டேன்” என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு வையுங்கள். அதற்கடுத்த நாளும். ஐந்தாறு நாள் இப்படிப் பேசினால் குரல் பழகிவிடும், கேட்பது பாதி முடிந்த மாதிரி.

கேட்கும்போது இரண்டே வாக்கியம். “அண்ணே, எனக்கு ஸ்பான்சர் யாரும் இல்லை. நீங்க எனக்கு ஸ்பான்சரா இருக்க முடியுமா?” அவ்வளவுதான், வாயை மூடிக்கொள்ளுங்கள். நம்ம பழக்கம், கேட்ட உடனே பின்வாங்குவது: உங்களுக்கு டைம் இருந்தா, கஷ்டம்னா வேணாம், யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல. மரியாதைக்காகச் சேர்ப்பதுதான், ஆனால் எதிரில் இருப்பவருக்கு இவன் மனசு வைக்கவில்லை போல என்று தோன்றிவிடும், உங்களுக்கும் நழுவிக்கொள்ள நாலு சந்து கிடைத்துவிடும். உங்களைவிட வயதில் சின்னவர் என்றால் அண்ணே வேண்டாம், சார் என்றோ பெயர் சொல்லியோ கேளுங்கள். வயதைப் பார்த்து மட்டும் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனசுக்குள் சொல்வது பழக்கம் ஆகாது, நாக்கு அசைய வேண்டும். நான் வண்டியில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், மவுண்ட் ரோடு சிக்னலில் யாருக்கும் கேட்காது.

இடம் முக்கியம். மீட்டிங் நடுவிலோ பத்துப் பேர் நிற்கிற கூட்டத்திலோ வேண்டாம். மீட்டிங்குக்கு இருபது நிமிடம் முன்னால் போய் நாற்காலி போடுகிற வேலையில் கூட நில்லுங்கள், கை வேலையாக இருக்கும்போது வாய் சுலபமாக வரும். அல்லது முடிந்த பிறகு டீக்கடை. நேரில் முடியவே முடியாது என்றால் வாட்ஸ்அப்பில் கேளுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. இப்படி எழுதலாம்: “வணக்கம் அண்ணே. செவ்வாய்க்கிழமை மீட்டிங்ல கடைசி வரிசைல உட்கார்ற ஆள் நான், போன வாரம் உங்க நம்பர் வாங்கினேன். நிறுத்தி 38 நாள் ஆகுது. எனக்கு ஸ்பான்சர் இல்லை, நீங்க இருக்க முடியுமான்னு கேட்கணும். நாளைக்கு எப்போ கூப்பிட்டா உங்களுக்கு வசதி?” கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், அது இருந்தால்தான் அவர் நேரம் சொல்வார், பேச்சு நகரும். அழித்து அழித்து எழுதிக்கொண்டிருக்காமல் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

நிரந்தரம் என்று நினைத்தால் பயம் வரும். அதனால் தற்காலிகமாகக் கேட்கலாம், “வேற ஆள் அமையற வரைக்கும் ஒரு மாசம் பார்த்துக்கிறீங்களா?” என்று. இதற்கு யாரும் முடியாது என்று சொல்லி நான் பார்த்தது குறைவு, அந்த ஒரு மாதம் பல பேருக்கு வருடக்கணக்கில் நீண்டிருக்கிறது.

நேற்றுக் குடித்துவிட்டீர்களா? அப்படியும் கேட்கலாம். கொஞ்ச நாள் சுத்தமாக இருந்து காட்டிவிட்டு மரியாதையாகப் போய்க் கேட்போம் என்று தள்ளிப் போடுகிறவர்கள்தான் திரும்பி வராமல் போகிறார்கள். ஏஏ-வில் சேருவதற்கே குடியை நிறுத்த வேண்டும் என்கிற விருப்பம் ஒன்று போதும் என்றுதான் வைத்திருக்கிறார்கள், ஸ்பான்சர் கேட்பதற்கு அதைவிட அதிகமாக என்ன வேண்டும். போதையில் மட்டும் போய்க் கேட்காதீர்கள், காலையில் கேளுங்கள்.

முடியாது என்று சொன்னால்

எனக்கு முதலில் ஒருவர் முடியாது என்றார். தன்மையாகத்தான் சொன்னார், ஏற்கெனவே நாலு பேரைப் பார்த்துக்கொள்கிறேன் தம்பி, உன்னைச் சரியாகக் கவனிக்க முடியாது என்று. நியாயமான பதில். ஆனால் என் காதில் விழுந்தது அது இல்லை, நீ தேற மாட்டாய் என்பதுதான் விழுந்தது. அன்றைக்குக் குடிக்கவில்லை, ஆனால் இரண்டு வாரம் மீட்டிங் பக்கம் போகவில்லை, அது குடிப்பதற்குப் பக்கத்து வீடு.

அதனால் கேட்கப் போவதற்கு முன்பே இதைத் தயார் செய்துகொள்ளுங்கள். வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நாலும்தான் நம்மைக் கவிழ்க்கிறவை என்று மீட்டிங்கில் சொல்வார்கள், முடியாது என்று கேட்ட பிறகு பசியோடு தனியாக நடந்து வந்தால் நாலும் ஒன்றாக வரும், வழியில் கடை பத்து மணி வரைக்கும் திறந்திருக்கும். திரும்பும்போது யாருடனாவது சேர்ந்து வாருங்கள். முடியாது என்று சொன்னவரிடமே, “வேற யாரைக் கேட்கலாம், நீங்களே சொல்லுங்க” என்று கேளுங்கள். சொல்லத்தான் செய்வார், சில சமயம் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் அறிமுகமே செய்துவைப்பார். அவருக்கு அவர் கஷ்டம் இருக்கும், வீட்டில் நோயாளி இருக்கலாம், அவருக்கே அந்த வாரம் ஆட்டம் கண்டிருக்கலாம். தன்னால் முடியாது என்று உண்மையைச் சொன்னவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

நான் திரும்பிப் போன செவ்வாய்க்கிழமை மழை. ஆள் குறைவு. டெய்லர் அண்ணன் டம்ளரையெல்லாம் கவிழ்த்துவிட்டு, லுங்கியால் சீட்டைத் துடைத்து, டிவிஎஸ் எக்ஸ்எல்லை ஸ்டார்ட் செய்துவிட்டார். விட்டால் போய்விடுவார். நான் வண்டி முன்னால் போய் நின்றுகொண்டேன், ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பழகியது ஒன்றும் வரவில்லை, “அண்ணே, எனக்கு யாரும் இல்லை” என்று மட்டும் வந்தது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். அப்புறம் வண்டியை ஆஃப் செய்து, ஸ்டாண்ட் போட்டுவிட்டு இறங்கினார்.

சரி என்று சொன்ன பிறகு

அன்றைக்கே சில விஷயங்களைப் பேசிவிடுங்கள். எத்தனை மணிக்குக் கூப்பிடலாம், எத்தனை மணிக்குக் கூடாது, தினமுமா, எடுக்காவிட்டால் என்ன செய்வது, வாரம் ஒரு நாள் எங்கே உட்கார்ந்து படிகளைப் பார்ப்பது. வீட்டில் இருப்பவர்களுக்கு அவர் யார் என்று சொல்லிவையுங்கள், இல்லையென்றால் அடிக்கடி யாரோடு ரகசியமாகப் பேசுகிறான் என்று வேறு கதை ஆரம்பிக்கும். மனைவிக்கும் பெற்றவர்களுக்கும் அல்-அனான் என்று தனியாகக் கூட்டம் உண்டு, அதையும் சொல்லுங்கள்.

எல்லா ஸ்பான்சரும் தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன். உங்களிடம் பணம் கேட்டால், தன் வீட்டு வேலைக்கு உங்களை இழுத்தால், மன டாக்டர் கொடுத்த மாத்திரையைத் தூக்கிப் போடு என்றால், தன் சாமியைத்தான் கும்பிட வேண்டும் என்றால், தொடுவதிலோ பேச்சிலோ எல்லை தாண்டினால், நீங்கள் சொன்னதை வெளியே சொன்னதாகத் தெரிந்தால், விலகிவிடுங்கள். “இதுவரைக்கும் செஞ்சதுக்கு நன்றிண்ணே, நான் வேற ஆள் பார்த்துக்கறேன்” போதும், காரணம் சொல்லக் கடமை இல்லை. ஆனால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தில் இவரையும் விட்டு, மீட்டிங்கையும் விட்டுவிடாதீர்கள். அவர் கண்டிப்பாகப் பேசுகிறார், நான் கேட்க விரும்பாததைச் சொல்கிறார் என்பதற்காக மட்டும் மாற்றத் தோன்றினால், பதினைந்து நாள் பொறுத்து முடிவு செய்யுங்கள்.

என்னிடம் அண்ணன் போட்ட நிபந்தனை ஒன்றுதான். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கும். தினமும் 11:45-க்கு எனக்குப் போன் பண்ணு, பேச விஷயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்றார். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் எனக்கு வேலை, பன்னிரண்டு அடித்தால் கை தானாகச் சட்டைப் பையைத் தடவும், அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவே இல்லை. முதல் நாள் பிரேக் ஷூ பெட்டிகள் அடுக்கிய சந்துக்குள் போய் நின்று கூப்பிட்டேன்.

“அண்ணே, நான்தான். பேசறதுக்கு ஒண்ணும் இல்லை.”

“இல்லாட்டி பரவால்ல. லைன்லயே இரு.”

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுவதும் நிற்பதுமாகச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் யாரோ வந்து பிளவுஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள், வெள்ளிக்கிழமை என்றார். பன்னிரண்டு தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும், “சோறு எடுத்தாந்தியா? போய்ச் சாப்பிடு. ராத்திரி ஒன்பதரைக்குக் கூப்பிடு” என்று சொல்லிவிட்டு வைத்தார்.